கூட்டம் பாடும் இடம்

மத்தியானத்தில் எங்கள் சாய்ந்தமருது வீட்டு அடுக்களை வாசலில் நல்ல கடல் காற்று வரும், சேர். இறால் உரிக்க அங்கேதான் உட்காருவேன். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

என்ன பாட்டு என்று கேட்டீர்கள். நான் பிறக்க முந்தி, எங்கேயோ ஒரு வெளிநாட்டு மைதானத்தில் நடந்த ஹெவி மெட்டல் கச்சேரியின் பதிவு. கட்டாரில் இருந்து வந்த தம்பி என் போனில் போட்டுத் தந்தான். அதே பாட்டுகளை அந்தக் குழு ஸ்டூடியோவிலும் பாடியிருக்கிறது. அது கழுவித் துடைத்த கோப்பை மாதிரி. மேடையில் பாடகனுக்குத் தொண்டை அடைக்கிறது, ட்ரம் அடிப்பவன் அவசரப்படுகிறான், ஒருத்தரும் அதைத் திருத்தவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகன் வாயை மூடிக்கொள்வான், கூட்டம் பாடும். அத்தனை ஆயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். 'மெல்லக் கதை, சத்தம் போடாதே' என்று சொல்ல அங்கே ஆளில்லை. அந்த இடம் வந்தால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

என் புருஷன் அக்ரம் நல்லவர். ஒருநாளும் கை நீட்டியதில்லை. "ஜுனைதா, மெல்லச் சிரி புள்ள, பக்கத்து ஊட்டுக்குக் கேக்கும்" என்பார். கல்யாணம் முடித்த நாளில் இருந்து அதைத்தான் சொன்னார். இந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டதற்கும் ஏசவில்லை. கல்முனைக்குப் போய் இயர்போன் வாங்கி வந்தார். "இனி ஒனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றார்.

அன்றைக்கு அவருக்கு மூச்சிழுப்பு வந்தது. கட்டிலில் இருந்து கூப்பிட்டார். கேட்கவில்லை என்று உங்களிடம் முதலில் சொன்னேன். அது பொய். அந்தப் பதிவில் எந்த விசில் எங்கே வரும் என்றுகூட எனக்குத் தெரியும். அவருடைய குரல் அதில் இல்லை.

எழும்பிப் போய் அறை வாசலில் நின்றேன். ஒரு காதில் இருந்ததை மட்டும் கழற்றினேன்.

"இன்ஹேலர் எங்க புள்ள?" வெறும் காற்றாகத்தான் வந்தது.

"சத்தமாக் கேளுங்க மச்சான்" என்றேன்.

அவர் முயற்சி செய்தார். அன்றைக்கு விடியக் கட்டில் விரிப்பு மாற்றும்போது தலையணைக்குக் கீழே இருந்த இன்ஹேலரை நான்தான் எடுத்தேன். அவர் கேட்கும்போதும் அது என் இடுப்பு மடிக்குள்தான் இருந்தது. கூட்டம் பாடத் தொடங்கியது. கழற்றியதைத் திரும்பக் காதில் வைத்தேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் நான் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, சேர். ஒரு பாட்டை நடுவில் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.