தலையாட்டிய முதலாளி

...சிரிக்காதீங்க, உங்களைத்தான் சொல்றேன்! கடை வெச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் "எங்கிட்ட யாரு வேணா பேசலாம்"னுதான் சொல்றீங்க. பேசறாங்களா? சரி, ஒரு ஆளைப் பத்திச் சொல்றேன், கேளுங்க... சின்னக் கதைதான்.

சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அதுக்குத் தலைவர் சிவநேசன். சாதாரண வேலையில சேர்ந்து, ராப்பகலா உழைச்சு, சி.இ.ஓ. ஆனவர். கெட்டிக்காரர்! "என் ரூம் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்"னு சொல்வார். திறந்துதான் இருந்துச்சு... ஒருத்தரும் உள்ள போகலை.

பஸ் டிக்கெட் எடுக்க ஒரு ஆப் செஞ்சாங்க. சேலத்துல பஸ் முதலாளிங்களுக்குப் போட்டுக் காட்டணும். அவங்க வேண்டாம்னுட்டா கம்பெனியே ஆட்டம் கண்டுடும்.

அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு மீட்டிங். மேனேஜர் கோகுல்நாத் திரையில காட்டுறார். "சார், இது டிக்கெட்டை ரத்து பண்ற பட்டன்." அந்த நேரம் பார்த்து நம்ம சிவநேசன் மெதுவடையைக் கடிக்கிறார்... உள்ள முழுசா ஒரு பச்சை மிளகாய்!

பேச்சு வருமா? தலையை இப்படி ஆட்டுறார், கையை அப்படி ஆட்டுறார். கண்ணுல தண்ணி. எழுந்து வெளிய ஓடிட்டார்.

கோகுல்நாத் மத்தவங்க பக்கம் திரும்பினார். "ஐயையோ... நம்ம பட்டனைப் பார்த்து சார் அழுதுட்டாருய்யா! தூக்குங்க அதை!"

தூக்கிட்டாங்க! ஏன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டாங்களா?

சேலம். மண்டபம் நிறைய பஸ் முதலாளிங்க. சிவநேசன் மேடையில நின்னு டிக்கெட் எடுத்தார். "இப்ப எனக்கு மனசு மாறிடுச்சு... ஒரே தட்டு, ரத்து!" தட்டப் போனா... பட்டன் எங்க? மேல தேடுறார், கீழ தேடுறார். முன்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பெரிய முதலாளி எழுந்தார். "ஏனுங்க, பணம் கட்டினவன் ரத்து பண்ண முடியலைன்னா, பஸ் ஸ்டாண்டுல அடி வாங்குறது நானா, நீங்களா?" எல்லாரும் எழுந்து சாப்பிடப் போயிட்டாங்க.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து சிவநேசன் ஆடுறார் பாருங்க! "பட்டனை யாரு எடுக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார்... வேண்டாம்னு தலையாட்டினீங்களே"ன்னார் கோகுல்நாத்.

"அட பாவிகளா, அது மிளகாய்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, புதுசா சேர்ந்தவ, மெதுவாச் சொன்னா. "கேட்டா கோவிச்சுக்குவீங்கன்னு பயம் சார்."

"நான் எப்ப கோவிச்சுக்கிட்டேன்?"னு மேசையில ஓங்கி ஒரு குத்து! காபி கப் உருண்டு கீழ போச்சு. அந்தச் சத்தம் அவர் காதுலயே விழுந்துச்சு... அப்படியே உட்கார்ந்துட்டார். வெட்கமாப் போச்சு மனுஷனுக்கு.

அப்புறம் பட்டனைத் திருப்பி வெச்சு, சேலத்துக்குப் போய்க் கெஞ்சி, இன்னொரு வாய்ப்பு வாங்கினாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி மறுபடி மீட்டிங், மறுபடி வடை. திரையில ஏதோ ஒண்ணு ஓடும்போது சிவநேசன் தலையாட்டினார். கோகுல்நாத் உடனே அழிக்கப் போனார்... ஜெசிந்தா எழுந்தா. "சார்... வேண்டாமா, மிளகாயா?"

எல்லாரும் அவங்கவங்க காபி கப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க. சிவநேசன் தண்ணியைக் குடிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "மிளகாய்தாம்மா! நல்லவேளை கேட்டே!"

அந்த ஆப் இன்னிக்கும் ஓடுது, ஐயா.

முன் வரிசையில தாய்மாருங்க சிரிக்கிறாங்க... பக்கத்துல இருக்கிற ஐயாமாருங்க மட்டும் ஏன் சிரிக்கலை? வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது சும்மா ஒரு தடவை தலையாட்டிப் பாருங்க. "என்னப்பா, மிளகாயா?"னு பிள்ளைங்க கேட்டா, நீங்க தலைவர். கேக்காம தட்டைத் தூக்கிட்டு ஓடினா... சமையலைக் குறை சொல்லாதீங்க. முதல்ல அந்த மூஞ்சியைச் சரி பண்ணுங்க!