மெதுவோட்டப் பயிற்றுநர்

சைக்கிளை வேகமாக ஓட்டுவதற்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை ஐயா. இறக்கத்தில் விட்டால் ஆளில்லாமலே ஓடும். மெதுவாக ஓட்டுவதற்குத்தான் பயிற்றுநர் வேண்டும். இந்த விளக்கம் இல்லாததால்தான் என் மாணவன் சுஜிதனைப் பிடித்து இந்தக் காவல் நிலையத்தில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். மாமனார் வீரகத்தியின் வயலுக்கு ஆசைப்பட்டு, பாம்பு கடித்த அவரை வேண்டுமென்றே மெல்ல ஏற்றிப்போய்ச் சாகவிட்டான் என்று வழக்கு. அவன் பெண்சாதி சிவதர்சினியே அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவன் குற்றமற்றவன். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன்.

என் பெயர் தவராசா. யாழ்ப்பாணத்தில் ஓட்டப் பயிற்றுநராக இருந்தேன். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து உடையார்கட்டுக்கு வந்தபோது கழுத்தில் ஒரு விசில்தான் மிச்சம். இங்கே பெடியளுக்கு ஓடப் பயிற்சி தேவைப்படவில்லை. விமானச் சத்தம் கேட்டதும் அவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தொழில் தெரிந்தவன் எத்தனை நாள் சும்மா இருப்பது? பொங்கல் விளையாட்டுப் போட்டியில் மெதுவான சைக்கிள் ஓட்டம் இருந்தது. கடைசியாக வருபவன் வெல்வான். கால் நிலத்தில் பட்டால் தோல்வி. பரிசு உறை பிரிக்காத இரண்டு சவர்க்காரம். சாம்பலால் உடுப்புத் தோய்க்கிற இந்தக் காலத்தில் அது சின்னப் பரிசல்ல. போன வருடம் சங்கிலி என்கிற விறகுக்காரன் வென்றான். அவனுக்குப் பயிற்றுநர் கிடையாது. சைக்கிள் செயினில் துரு இருந்தது, அவ்வளவுதான். அந்த வெற்றியைப் பார்த்து எனக்கு மனம் நொந்துபோனது.

சுஜிதனைத் தெரிவு செய்தேன். சொன்ன சொல் கேட்பவன். விளையாட்டில் அதைவிடப் பெரிய தகுதி இல்லை. திரும்பிப் பார்த்தால் சமநிலை போய்விடும், முன்னால் மட்டும் பார் என்றேன். அன்றிலிருந்து பெண்சாதி பின்னாலிருந்து கூப்பிட்டாலும் அவன் திரும்புவதில்லை. கடைக்கும் வயலுக்கும்கூட மெதுவாகத்தான் போகவேண்டும் என்று கட்டளை போட்டேன். அவன் வாங்கிய மீன் வீடு வந்து சேருவதற்குள் நாறிவிட்டது என்று சிவதர்சினி என்னிடம் சண்டைக்கு வந்தாள். வெளியே வருத்தம் தெரிவித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெரிய சந்தோசம்.

போன கிழமை வயல் வரம்பில் வீரகத்தியை நாகபாம்பு கடித்தது. உழவு யந்திரத்துக்கு எண்ணெய் இல்லை. சுஜிதன் அவரைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றினான். ஆஸ்பத்திரி புதுக்குடியிருப்புப் பக்கம். பயிற்சிக்காக நான் அப்போது சுஜிதன் வீட்டுக்கு வந்து நின்றிருந்தேன்.

“மாஸ்டர், அப்பா விழுந்திடுவார். பின்னால பிடிச்சுக்கொண்டு போங்கோ,” என்று சிவதர்சினி கும்பிட்டாள்.

பிடித்துக்கொண்டு போனேன். வீட்டு வாசல் படலை தாண்டியதும் சுஜிதன் எழும்பி நின்று மிதிக்கத் தொடங்கினான். எனக்குத் திக்கென்றது. மாதக்கணக்காகப் பழக்கிய கணுக்கால் ஒரே நாளில் கெட்டுப்போகும் என்பது சாதாரண ஆட்களுக்கு விளங்காது. நல்லகாலம், சைக்கிள் வேகமெடுக்கவில்லை.

“மாஸ்டர், என்ன மிதிச்சும் போகுதில்லை,” என்றான்.

“பாரமடா தம்பி. முன்னுக்குப் பார்.”

“கெதியா மிதி மோனை. எனக்குக் கண் மூடிக்கொண்டு வருது,” என்றார் வீரகத்தி.

“ஐயா, அங்கால இங்கால ஆடாதேங்கோ. நிறை சாயுது,” என்றேன். பணிவாகத்தான் சொன்னேன். பாரத்தோடு சமநிலை பழக அரிசி மூட்டை அவ்வளவு உதவாது. மூட்டை அசையாது, மனிதர் அசைவார். அப்படியொரு சந்தர்ப்பம் எந்த மாணவனுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

விறகு கட்டிய சைக்கிளில் வந்த சங்கிலி எங்களை முந்திப்போய் நின்றான்.

“ஐயாவ எங்கிட்ட குடுங்க மாஸ்டர், நான் வெரசா கொண்டு போயிர்றேன்,” என்று விறகை அவிழ்க்கத் தொடங்கினான்.

போட்டியில் சுஜிதனுக்கு எதிராக நிற்கப்போகிறவன். எங்கள் முறையை வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று எனக்கு உடனே பிடிபட்டது. சுஜிதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முன்னுக்குப் பார் என்றேன், பார்த்தான். சங்கிலியைப் போகச் சொல்லிவிட்டேன். பிறகு தலையில் புல்லுக்கட்டோடு நடந்துவந்த ஒரு பெண்ணும் எங்களைக் கடந்து போனாள். என் தொழிலில் அப்படியொரு ஓட்டத்தை நான் கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வீரகத்தியின் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார். நல்ல மனிதர், விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

செத்தவீட்டில் சிவதர்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாவது அப்பாவை விடாமல் பிடிச்சுக்கொண்டு போனீங்களே மாஸ்டர்,” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நான் பிடித்தது அவரை அல்ல ஐயா, கரியரை. படலையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் குதிக்காலை மண்ணில் ஊன்றி, இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போனேன். வீரகத்திக்குத் தெரியும். ஒருதரம் குனிந்து என் கையைப் பார்த்தார், விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அதற்குள் அவருக்கு நாக்குப் புரளவில்லை. சுஜிதனுக்கு இன்றுவரை தெரியாது. தன் காலில்தான் பலமில்லாமல் போனது என்று இங்கே சுவரில் தலையை மோதி அழுகிறானாம்.

அழுது அழுது அவனுக்குக் கழுத்து இறுகிவிடும். இன்றைக்கே விட்டுவிடுங்கள், நாளைக்குப் போட்டி. என்னை என்ன செய்ய வேண்டுமோ அதைப் போட்டி முடிந்த பிறகு செய்யுங்கள். பின்னால் நான் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அவசரப்பட்டுவிடுவான்.