குலுக்கலில் வந்த வேஷம்

ஒக்காரச் சொல்லாதீங்க சார், நிக்கிறேன். ஒக்காந்தா அழுகை வந்துரும். நிண்டுக்கிட்டே பேசுனாத்தான் கோவம் கோவமாவே இருக்கும். இன்னிக்கு எனக்கு அதுதான் வேணும்.

ஆமா, கையப் புடிச்சேன். இல்லேங்கல. டா போட்டதும் நெசம். ஏண்டான்னுதான் கேட்டேன். அம்பது பேரு பாத்துக்கிட்டு நிண்டாங்க, நான் இல்லேன்னு சொன்னா இல்லேன்னு ஆயிருமா? காலையில மாரியாத்தாளக் கும்பிட்டுட்டு லேபர் கேம்ப்ல இருந்து கெளம்புற வாயி சார் இது. பொய்யி சொல்ல வராது.

லெட்டரா? அது இருக்கட்டும், அவசரப்படாதீங்க. ஸ்கூல்ல இருந்து உங்களுக்குப் போன் வந்துச்சு, உங்க கிளீனிங் கம்பெனி பொம்பள நாகஜோதி ஒரு புள்ளையோட அப்பா கையப் புடிச்சு மரியாதையில்லாமப் பேசிட்டான்னு. நீங்க ஒடனே மன்னிப்புக் கடிதாசி, ஸ்கூலுக்கு ஒண்ணு அவருக்கு ஒண்ணுன்னு ரெண்டு தாளு, டைப் அடிச்சுக்கிட்டு வந்துட்டீங்க. கையெழுத்துப் போட்டா டூட்டி, போடலேன்னா விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்டு. சரி. ஆனா என்னம்மா நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க எம் மகன் வயசு சிவசங்கரன் சார். எம் மகனா இருந்தா கேட்டிருப்பான்.

கேக்குறீங்கள்ல? அப்பக் கேளுங்க.

நாலாங்கிளாஸ் புள்ளைகளுக்கு இங்கிலீஸ்கார நாட்டுப் பாடம். அந்தக் காலத்துல அங்க கிராமத்துல சனங்க எப்புடிப் பொழைச்சாங்க, என்னென்ன தொழில் செஞ்சாங்கன்னு. அத அப்புடியே ஹால்ல ஒரு ஊராக் கட்டிருவோம்னு வெள்ளக்கார டீச்சரம்மா சொல்லிருச்சு. ஒரு மாசமா அதே வேலை. அட்டையில வீடு, அது மேல வைக்கோலு. ஒரு பக்கம் கொல்லன் பட்டறை, ஒரு பக்கம் மாவு மில்லு, காத்துல சுத்துற மில்லாம். ஊருக்கே ஒரே ரொட்டி அடுப்பு. கூட்டிப் பெருக்குறது நான்தானே, ஒரு வைக்கோல் துரும்பு விடாம எனக்குத் தெரியும்.

யாருக்கு என்ன வேஷம்னு எப்புடிப் பிரிச்சாங்க தெரியுமா? ஒரு தொப்பிக்குள்ள சீட்டப் போட்டுக் குலுக்கி. ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். நிதின்னு ஒரு பையன், அவனுக்குக் கொல்லன். ஒருத்தனுக்கு ஆடு மேய்க்கிறவன். ரெண்டு புள்ளைக ஆடு. ரக்ஷிதா கையவிட்டு எடுத்தா, சலவைக்காரின்னு வந்துச்சு.

ஆமா, அந்தப் புள்ளதான். எனக்கு எப்புடித் தெரியுமா? காலையிலயும் சாயங்காலமும் ஸ்கூல் வேன்ல ஆயா வேலையும் நான்தானே பாக்குறேன், அது கூட உங்களுக்கு மறந்துருச்சா? ஏழு மாசமா அந்தப் புள்ளைக்கு பெல்ட் மாட்டி விடுறது நான். அது வேன்ல ஏறுன ஒடனே ஆரம்பிச்சிரும். ஜோதி ஆன்ட்டி, அந்த ஊர்ல திங்கக்கெழமைன்னா எல்லா வீட்லயும் துணி தொவைக்கிற நாளாம். ஆன்ட்டி, அவங்களுக்கு சோப்பு கெடையாது, அடுப்புச் சாம்பல்ல தண்ணி ஊத்தி வடிகட்டி அதுல ஊற வெப்பாங்களாம். காயப் போடக் கயிறு கூட வேணாமாம், வேலிச் செடி மேலயே விரிச்சுப் போடுவாங்களாம். பாதி இங்கிலீசு, பாதி தமிழு. எனக்கு அதுல பாதிதான் புரியும். ஆனா சாம்பத் தண்ணின்னு சொன்னப்ப புரிஞ்சிருச்சு. அவுகளுக்குச் சாம்பலு, நமக்கு உவர்மண்ணு. அவுக செப்புத் தவலையில அவிச்சாங்க, நாங்க வெள்ளாவி வெச்சோம். நீலம் போடுறதும் கஞ்சி போடுறதும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

என்ன அப்புடிப் பாக்குறீங்க? ஆமா சார், நாங்கன்னுதான் சொன்னேன். நான் வெளுக்குற வீட்டுல பொறந்தவதான். பரமக்குடிப் பக்கம். பதினாலு வயசுல இருந்து தொவைச்சிருக்கேன். அத ஒளிச்சு வெச்சு எனக்கு என்ன ஆகப் போகுது?

அந்த டீச்சரம்மாவுக்கு எப்புடித் தெரியும்னா, ரக்ஷிதா கம்பப் புடிச்ச விதத்தப் பாத்து நானே வாயத் தெறந்துட்டேன். முக்காலி மாதிரி கால் வெச்ச கம்பு, அதத் தொட்டிக்குள்ள விட்டுத் துணியத் திருகணும். புள்ள பாயாசம் கிண்டுறாப்புல கிண்டிக்கிட்டு இருந்துச்சு. தோள்ல இருந்து திருகு கண்ணு, மணிக்கட்டுல திருகாதன்னு சொன்னேன். டீச்சரம்மா ஹஃபீஸா மிஸ்ஸக் கூப்பிட்டுக் கேட்டுச்சு, இவங்க என்ன சொல்றாங்கன்னு. ஹஃபீஸா மிஸ் சிலோன்காரவுக, தமிழ் தெரியும், இங்கிலீசுல சொன்னாங்க. அவ்வளவுதான், டீச்சரம்மா என் கையப் புடிச்சுக்கிச்சு. நீங்களும் வரணும், தொட்டி பக்கத்துல நிக்கணும்னு. எனக்கும் ஒரு வெள்ளைத் தொப்பி, ஏப்ரன். கைய முழங்கை வரைக்கும் சுருட்டிவிடச் சொல்லிருச்சு.

உங்ககிட்டக் கேக்காமப் போட்டுக்கிட்டது என் தப்பு. யூனிபாரம் மேலதான் போட்டிருந்தேன் சார். அதையும் எழுதிக்கங்க.

இன்னொண்ணு சொல்றேன். தொட்டிக்கு மேல செவுத்துல ஒரு படம் மாட்டுச்சு டீச்சரம்மா. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பொம்பள, குண்டாட்டம், கையச் சுருட்டிக்கிட்டு, ஒரு தொட்டி முன்னால மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறா. யாரும்மான்னு கேட்டேன். அவுக பாட்டியோட அம்மாவாம். ஊர்த் துணியெல்லாம் அவுகதான் வெளுத்தாகளாம். அதச் சொல்றப்ப அந்த அம்மா மொகத்தப் பாக்கணுமே. எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஜமீந்தாருன்னு நம்ம ஆளுக சொல்வாகள்ல, அந்த மாதிரி. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. இப்புடியும் ஒரு தேசம் இருக்கான்னு நெனைச்சேன். அங்கயும் மேடு பள்ளம் இல்லாமயா இருந்திருக்கும்? அந்தப் படத்துல இருக்கிறவ கையி வெந்து வீங்கித்தான் கெடக்கு. ஆனா பேத்தி மக அந்தக் கையச் செவுத்துல மாட்டுறாளே.

சரி சரி, வர்றேன், நேத்துக்கே வர்றேன்.

நேத்து பத்து மணிக்கு அப்பா அம்மாமாரு எல்லாரும் வந்தாச்சு. கொல்லனா நிண்ட நிதினோட அப்பா, அவரும் நம்ம பக்கத்து ஆளுதான், சுத்தியலோட மகன நிக்க வெச்சு இருவது போட்டோ எடுத்தாரு. ஆடா வேஷம் போட்ட புள்ளைக, மேலெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு மேமேன்னு கத்துதுக. அதுக அப்பன்மாரு கை தட்டுறாங்க. ரக்ஷிதாவோட அம்மா ராதா மேடமும் வந்துட்டாங்க, தங்கமான பொண்ணு, மக தொப்பிய நேராக்கி விட்டுச்சு. அப்பாவுக்குச் சொல்லல, சர்ப்ரைஸுன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு புள்ள. கம்பத் திருகுது, தோள்ல இருந்து, நான் சொன்னாப்புலயே. சாம்பத் தண்ணி எப்புடி வடிக்கிறதுன்னு வர்றவுக போறவுகளுக்கெல்லாம் இங்கிலீசுல சொல்லுது. நான் பக்கத்துல நிண்டு துணியப் புழியுறேன்.

அப்பத்தான் அவரு வந்தாரு. ஆபீஸ்ல இருந்து நேரா, கழுத்துல கார்டோட. சேதுமாதவன் சார். வாசல்ல இருந்து சிரிச்சுக்கிட்டே வந்தவரு தொட்டியப் பாத்தாரு. மகளப் பாத்தாரு. அப்புறம் நிமிந்தாரு. மூஞ்சி அப்புடியே சுண்டிப் போச்சு.

நேரா வந்து புள்ள கையப் புடிச்சு ஒரே இழுப்பு. தொட்டி சாஞ்சு தண்ணியெல்லாம் புள்ள மேல. நெஞ்சு வரைக்கும் நனைஞ்சு போச்சு. யாரு என் மகளுக்கு இந்த வேஷத்தக் குடுத்ததுன்னு இங்கிலீசுல கத்துறாரு. டீச்சரம்மா பயந்துபோயி தொப்பிய எடுத்துக் காட்டுது, சீட்டக் காட்டுது, குலுக்கல்தான் சார்ங்குது. அவரு காதுலயே வாங்கல. எங்க ஊர்ல இது வெளையாட்டு இல்ல, நாங்க அப்புடிப்பட்ட ஆளுக இல்லேங்கிறாரு. ஹஃபீஸா மிஸ்தான் அப்புறம் எனக்குச் சொன்னாங்க. ஆனா மகளப் பாத்துச் சொன்னது தமிழு சார், அதுக்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. இதெல்லாம் நாம தொடுற வேலையா, சீன்னாரு.

சீன்னாரு.

அடுத்தவன் புள்ள ஆடா நாலு கால்ல நிண்டா கேவலம் இல்ல, இவரு மக துணி தொவைச்சாக் கேவலமா? ஊரு சனத்தோட தீட்டுத் துணியில இருந்து பொணத்துக்குப் போத்துன துணி வரைக்கும் எடுத்துக்கிட்டுப் போயி, மல்லிப்பூ கணக்கா வெளுத்துக் குடுத்தவுக நாங்க. அத உடுத்திக்கிட்டுத்தானே கோயிலுக்குப் போனாக? அப்ப வராத சீயி இப்ப எங்கிட்டிருந்து வருது? துபாயி ஏசியில இருந்து வருதா?

தண்ணி எதுக்கு சார்? சத்தம் போடல, என் தொண்டையே அப்புடித்தான். சரி, குடுங்க.

புள்ள நடுங்குது. ஹால்ல ஏசி வேற. அழக்கூட இல்ல, அப்பா என்ன தப்புன்னு கேக்குது. நான் என்ன தப்புப் பண்ணேம்ப்பான்னு. அப்பத்தான் நான் அவரு கையப் புடிச்சேன். ஏண்டா, புள்ள ஈரத்துல நிக்கிது, நெஞ்சுல சளி கட்டிக்கிரும், மொதல்ல தொடைச்சு விடுடான்னேன். அவ்வளவுதான் சார் நான் பேசுனது. வைது ஒரு வார்த்தை இல்ல.

அவரு கைய உதறிட்டாரு. யாரு இந்தப் பொம்பள, எனக்குத் தெரியாதுன்னு டீச்சரம்மாகிட்ட இங்கிலீசுல சொன்னாரு. அந்த அளவு இங்கிலீசு எனக்கும் புரியும். ராதா மேடம் துண்டு எடுத்துட்டு ஓடியாந்துச்சு. என்னையப் பாத்து ஸாரி ஆன்ட்டின்னுச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்.

அதான் நடந்தது. சாதியச் சொன்னதுல கோவம் வந்துருச்சான்னா, ஆமா, அப்புடியே வெச்சுக்கங்க.

சரி, படிங்க லெட்டர. இங்கிலீசுல வேணாம், தமிழ்ல சொல்லுங்க. ம். கையைப் பிடித்தது தவறு. ம், தவறுதான். ஒருமையில் பேசியது தவறு. சரி. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கிறேன், எல்லார் முன்னாலயும் ஏண்டான்னு கேட்டிருக்கக் கூடாதுதான். அப்புறம்?

என்னது? அத இன்னொரு தடவ படிங்க.

எனக்கு முன்பின் அறிமுகமில்லாத திரு. சேதுமாதவன். அந்த வரி ஸ்கூல்ல போடச் சொன்னாங்களா, நீங்களாப் போட்டீங்களா? அவரே சொன்னாரா. போன் பண்ணிச் சொன்னாரா. அந்த வரி கண்டிப்பா இருக்கணும்னு.

சரிதான்.

அந்த வரிக்குக் கீழ மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். கேன்சல் பண்ணுங்க, ஊருக்கு அனுப்புங்க, மகளக் கட்டிக் குடுத்தாச்சு, மகன் சம்பாதிக்கிறான், கஞ்சியோ கூழோ குடிச்சுக்கிறேன். பொய்யில கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட விளக்கு ஏத்துவேன்?

என்ன பொய்யா? பதினோரு வருசமா மொகத்தப் பாக்கல, அது நெசம். கல்யாணம் முடிஞ்சதோட பேச்சு வார்த்தையே இல்ல. பொண்ணு வீட்டுல வெவசாயக் குடும்பம்னு சொல்லி வெச்சிருக்கான், நாங்க போனா ஒடைஞ்சிரும்னு நாங்களே ஒதுங்கிட்டோம். நான் இந்த ஊருக்கு வந்ததே அவனுக்குத் தெரியாது. கம்பெனி என்னைய இந்த ஸ்கூலுக்குப் போட்டப்ப, வேன்ல ஒரு புள்ள பையில பேரப் பாத்தேன். ரக்ஷிதா சேதுமாதவன். எங்கம்மா மூக்கு அதுக்கு. யாருகிட்டயும் மூச்சு விடல, சாமி சத்தியமா.

நேத்து அவன் வாசல்ல இருந்து பாக்குறான், ஒரே தொட்டியில அவன் மகளும் நானும் கையச் சுருட்டிக்கிட்டு நிக்கிறோம். யாரோ எல்லாத்தையும் கண்டுபுடிச்சு ஊரக் கூட்டிக் காட்டுறாங்கன்னு நெனைச்சுட்டான் கூறுகெட்டவன். சீட்டு சார் அது. வெறும் சீட்டு.

அட, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, ஒக்காருங்க. ஆமா, எனக்கு நேர் எளையவன். ஒரே வயித்துல பொறந்தவன். சின்னதுல ஈரத்துல நிண்டாலே அவனுக்கு நெஞ்சு கட்டிக்கிரும், மககிட்டயும் அதே வாகு இருக்கும்னுதான் புடிச்சேன் கைய.

ஸ்கூலுக்குப் போற தாள்ல அந்த வரிய அடிச்சுருங்க, போதும். அங்க வேற ஒண்ணும் எழுத வேணாம், புள்ள அங்க படிக்கணும். அவனுக்குப் போற தாள்ல மட்டும், அடிச்ச எடத்துல, என் தம்பின்னு எழுதுங்க. ம், எழுதிட்டீங்களா? இப்ப அந்தப் பேனாவக் குடுங்க.