பார்ட்ஸுக்கு வாங்கிய கார்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அரபு நாட்டில், ரோலாவிலிருந்து புஜைரா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கராஜ்காரர்கள். நரைத்த தாடிக்காரர் சொன்னார்:

"செத்த வண்டிக்கு உயிர் வந்துருச்சுடா."

"மொதலாளி அர்பாபோட பழைய அமெரிக்கா காரா? அதத்தான் போன வாரமே முடிச்சிட்டீங்களேண்ணே."

"அது இல்ல. அதுக்குப் பார்ட்ஸ் எடுக்க ஒண்ணு வாங்குனோமே, அது."

"அதுல இன்ஜின், கதவு எல்லாத்தையும் கழட்டியாச்சே?"

"அர்பாப் வண்டியில கழட்டுன பழசு கெடந்துச்சுல்ல. துருவச் சுரண்டி, ஓட்டைக்கு வெல்டிங் வச்சு, இதுல மாட்டிட்டேன். பழைய இன்ஜினையும் பிரிச்சுச் சேத்தேன். நேத்து ஸ்டார்ட் ஆயிருச்சு."

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

"யாரையும் கேக்கல."

"அண்ணே, வேல கலாஸ், முடிஞ்சுபோச்சு. நாளைக்கு அந்த வண்டி ஸ்கிராப்புக்கு, அடுத்த வாரம் நீங்க விசா கேன்சலாகி ஊருக்கு. அதானே பேச்சு?"

"ஓடுற வண்டிய எவன்டா ஸ்கிராப்புக்கு அனுப்புவான்? ரெண்டு வண்டி நின்னா, பாக்க ஒரு ஆள் வேணும்ல?"

"அர்பாப் ஒத்துக்கலன்னா?"

"இன்னைக்கு அவரு முன்னாடியே ஓட்டிக் காட்டிட்டுச் சொல்லப்போறேன், நானும் அந்த வண்டியும் ரெண்டு பேருமே போகமாட்டோம்னு."

புஜைராவில் அவர்தான் முதலில் இறங்கினார்.

இதைக் கேட்டது நோன்புக்கு முன்பு. கூச்சத்தில் தள்ளிப்போட்டு, எழுதியது ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 6.