மூடியில் இருந்த இரண்டு வரி

பிளாஸ்டிக்கில் மையால் எழுதியிருந்தால் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் போதும். அச்சில் வார்க்கும்போதே புடைத்து வந்த எழுத்துக்குப் பொறுமை வேண்டும். தட்டையான பிளேடால் மெல்லச் சீவி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், சொரசொரப்பானதில் தொடங்கி நைஸானதுவரை. கடைசியில் துணியால் பாலிஷ். விரலால் தடவினாலும் அங்கே எழுத்து இருந்தது தெரியக் கூடாது.

எங்கள் கம்பெனி வாளி, ஸ்டூல், துணிப்பெட்டி செய்கிறது. விளம்பரப் படம் எடுக்கும் சாமான்களில் எழுத்து தெரியக் கூடாது என்பதற்காகவே என்னை வைத்திருக்கிறார்கள். பதினோரு வருடமாக இதுதான் என் வேலை, ஐயா.

என் மனைவியின் தம்பி, வீடு பார்க்கும்வரை இரண்டு நாள் என்று வந்தான். எட்டு மாதம் ஆயிற்று. அதில் எனக்கு வருத்தமே இல்லை. நல்ல பையன். ஆள் கொஞ்சம் கனம். உட்கார்ந்தால் சோபா பெருமூச்சு விடும். எதையும் வாசிக்காமல் தொட மாட்டான். பற்பசைக் குழாயைக்கூட முழுதாக வாசித்த பிறகே பிதுக்குவான், அதுவும் சத்தமாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டான். "மாமா, எழுத்தைச் சுரண்டுறதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க? எலியை விட்டா சும்மாவே செய்யுமே."

என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் கம்பெனியில் புதுத் துணிப்பெட்டி ஒன்று வாங்கினேன். அதன் மூடியில் 'இதன்மேல் ஏறி நிற்காதீர்கள், உடையும்' என்று இரண்டு வரி புடைத்திருக்கும். பார்க்க நன்றாயிராது. மூன்று மாலை வேலை வாங்கியது. மூடி தண்ணீர்ப்பரப்பு மாதிரி ஆனபிறகே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்த வாரம் ஹால் பல்பு விட்டுவிட்டு எரிந்தது. நான்தான் அரைச் சுற்று தளர்த்தியிருந்தேன். ஏணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, கேட்டால்தான் உதவ வேண்டுமா என்ன? ஸ்டூல்களைக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தேன். துணிப்பெட்டி பல்புக்கு நேர்கீழே இருந்தது. எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்.

"பல்பு கண்ணடிக்குது, கொஞ்சம் என்னன்னு பாரேன் மச்சான்" என்றேன்.

அவன் குனிந்து மூடியைப் பார்த்தான். வாசிக்க ஒன்றும் இல்லை. ஏறினான்.

நான் எதிர்பார்த்தது ஒரு சுளுக்கு. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வைத்தியர் ஆறு மாதம் அசையக் கூடாது என்றார். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில்தான்.

படுத்தபடியே, பெட்டியில் எச்சரிக்கை வாசகம் இல்லை என்று கம்பெனிக்குப் புகார் எழுதினான். எழுத்து விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மூடி என்னிடமே வந்தது. "சொந்தக்காரன்னு பார்க்காம நியாயமா சொல்லணும்" என்றார் மேனேஜர். 'அச்சில் எழுத்து விழவில்லை. மெஷின் ஓட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மெஷின் ஓட்டுபவரை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும்போது என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, இருபது வருசத்துல ஒரு புள்ளி விட்டதில்ல. இது எப்படிண்ணே போச்சு?"

"ஆனைக்கும் அடி சறுக்கும்பா" என்றேன்.

மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய மாதம் இது என்று சொல்லி அழுதார். என் டீயை அவருக்குக் கொடுத்தேன். மத்தியானம் வழக்கம்போல் நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள்தான் அது நடந்தது. மேனேஜர் அந்த மூடியை வெளிச்சத்தில் சாய்த்து, தடவித் தடவிப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்: "பாருங்கய்யா, தப்புப் பண்ணும்போதுகூட மெஷின் நம்ம ஆளைவிட நல்லா பண்ணியிருக்கு."

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த அப்பாவி மனிதர் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. பல்பு நான், ஏணி நான், கால் முறிந்ததும் என்னால். பொய்க் கையெழுத்தும் என்னுடையது. இதையெல்லாம் உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள். 'மெஷின் அல்ல, கையால் செய்தது' என்ற வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மேனேஜருக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வராது.