புரட்சி மொட்டை

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில், எதிர் இருக்கைப் பெண் தோழியிடம் வெடித்தாள். எனக்குக் காது நீண்டது.

"என் மொட்டை புரட்சியாம்லா!"

"எந்த மொட்டை?"

"ராக் பேண்ட்ல பாடுனப்ப போட்டது. இப்ப எங்க பேண்டைப் பத்தி டாக்குமென்டரி எடுத்திருக்கானுங்க. அதுல, பெத்தவளை எதிர்த்து மொட்டை போட்ட பாடகின்னு என்னைக் காட்டுறானுங்க."

"அடப்பாவி! உங்கம்மா ஆபரேஷனுக்கு நேந்துக்கிட்டு, தைப்பூசத்துல பத்துமலையில போட்ட மொட்டை ஆச்சே?"

"அதைத்தான் கேமரா முன்னால சொன்னேன். வெட்டிட்டானுங்க. ராக் பாடகிக்கு நேர்த்திக்கடன் பொருந்தலையாம்!"

"விடுலா. யாரு பாக்கப் போறா?"

ரயில் பிரிக்பீல்ட்ஸை நெருங்கியது. பாடகி எழுந்து கம்பியை இறுகப் பிடித்தாள்.

"அம்மா பாத்துட்டாங்க. நேந்துக்கிட்டதை அவங்ககிட்ட நான் சொன்னதே இல்லலா. 'என்மேல உனக்கு அவ்வளவு கோவமாடி?'ன்னு கேக்குறாங்க."