என் ஷிஃப்ட்ல மட்டும் ஏன் செருப்பு பறக்குது?

இல்லண்ணே, எனக்குக் கோவம்லாம் ஒண்ணுமில்ல. வலது கால்ல செருப்பு, இடது கால் வெறும் கால்... இப்படி நிக்கிறவனுக்குக் கோவம் வேற வந்தா கீழ விழுந்துருவான். அதனால கோவம் இல்ல. வருத்தம். வருத்தம்தான். ஏண்ணே, மத்தியானம் இந்த ரூம் வாசல்ல எத்தன ஜோடி கெடந்துச்சு? டிரைவர் மாமாவோட பூட்ஸ் கெடந்துச்சு, வாய்ப் பொளந்துகிட்டு. அத எடுத்து ஜன்னல் வழியா விட்டிருந்தா ஊரே நன்றி சொல்லியிருக்கும். இல்ல. குமிச்சுக் கெடந்ததுல கைய விட்டு, தேடி, துழாவி, என்னோடதையே எடுத்தீங்க பாருங்க. புதுசுண்ணே அது. கடிக்கிறத நிறுத்தியே ரெண்டு நாள்தான் ஆகுது.

நீங்க தொட்டில மண்ணப் போடுங்க, கைய நிறுத்தாதீங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். வேன் வர இன்னும் நேரமிருக்கு. மத்தவங்கல்லாம் முதல் வேன்ல போயாச்சு, இந்தப் பெரிய சென்டர்ல இப்ப நீங்களும் நானும்தான்... எனக்கும் வேற யாருகிட்ட சொல்றது?

நான் இங்க உதவியாளரா சேந்த அன்னிக்குப் பெரிய சார் கூப்பிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? இங்க வர்றவங்க யாரும் கொழந்தைங்க இல்ல, உன்ன விட வயசுல பெரியவங்க, பொறந்ததுலேர்ந்தே மூளை வளர்ச்சி வேற மாதிரி, அவ்வளவுதான், கொஞ்சாத, அதட்டாத, மரியாதையா நடந்துக்கன்னாரு. நடந்துக்கிட்டேனா இல்லையா? முதல் நாள்லேர்ந்து உங்களுக்கு அண்ணேதான். அண்ணேன்னு கூப்பிட்ட வாய்க்கு ஒரு செருப்ப விட்டு வெக்கலாம்ல?

சரி விடுங்க. செருப்பு போனா போகுது. அடுத்த சந்துல சைக்கிள் ரிப்பேர் பண்றவர் ஷெட்டு இருக்குல்ல, அந்தத் தகரக் கூரை மேலதான் போயி விழும். டமால்னு. வெள்ளிக்கிழமை சாக்குல போட்டுக் கொண்டாந்து குடுத்துருவாரு. போன வாட்டி என்னப் பாத்ததும், தம்பி, உங்க சென்டர்ல எல்லாருக்கும் இடது கால் மட்டும்தானாங்கறாரு. நக்கலு. நமக்குத்தான் தலையெழுத்து.

என் கவலை செருப்பு இல்லண்ணே. நாளைக்குக் காலைல மீட்டிங். செடி விக்கிற அந்தம்மா வர்றாங்க... உங்களுக்கு ரொம்பப் புடிக்குமே, அன்னிக்கு அவங்க தோட்டத்துக்குப் போயிட்டு வேன்ல ஏறவே மாட்டேன்னு உரமூட்ட மேல ஒக்காந்துகிட்டீங்களே, அந்தம்மா. உங்களுக்கு அங்க வேலை தர அவங்களுக்கு ஆசைதான். இவ்வளவு அழகா மண்ணு ரொப்புற ஆள் எனக்குக் கெடைக்கலன்னு அவங்களே சொன்னாங்க. ஆனா அங்க செருப்பு கிடையாதுண்ணே. எங்க பாத்தாலும் தொட்டி. சுட்ட மண்ணுத் தொட்டி. உங்களுக்குப் 'போதும்'னு ஆன நேரத்துல ஒரு தொட்டி பறந்துச்சுன்னு வைங்க, ரோஜாச்செடி வாங்க வந்த மனுசன் மல்லாந்துருவான். அதனால ஒரே ஒண்ணுதான் கேக்குறாங்க. கூட்டமோ சத்தமோ தாங்கலைன்னா, யாரும் சொல்லாம, நீங்களா எழுந்து தள்ளிப் போகணும். தூக்கி எறியாம. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்படிப் பாத்தோம்னு நாம சொல்லிட்டா போதும், திங்கக்கிழமையே வேலைக்கு வரலாம்னாங்க. நாம இது வரைக்கும் பாக்கலையேண்ணே.

இந்தக் கணக்கு, கேள்வியெல்லாம் அளவுகோல் மேடம் வந்ததுலேர்ந்து ஆரம்பிச்சது, அதான், நீங்க ஏன் எறியறீங்கன்னு கண்டுபுடிக்கப் பெரிய சார் வரவழைச்சவங்க. நான் வெச்ச பேருதான், அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. நீங்க சொல்ல மாட்டீங்க, அதுதான் உங்ககிட்ட எனக்குப் புடிச்சதே. அவங்க வந்த அன்னிக்கே நான் ஒரு யோசனை சொன்னேன், எல்லாச் செருப்பையும் பீரோவுல வெச்சுப் பூட்டிடலாம்னு. எவ்வளவு சுலபம். மேடம் ஒத்துக்கல. பூட்டினா செருப்பு பறக்காது, ஆனா அவருக்கு எது தாங்கலையோ அது அப்படியேதான இருக்கும், அடுத்து நாற்காலி பறக்கும்ங்கறாங்க. செருப்பு பறக்குறது ஒரு பேச்சு தம்பி, அவர் ஏதோ சொல்றாரு, என்னன்னு கண்டுபுடிக்கணும்ங்கறாங்க. பேச்சுன்னா பேசலாமேண்ணே? இப்ப நான் பேசல? எவ்வளவு எளிதா இருக்கு பாருங்க.

அதுலேர்ந்து ஒவ்வொரு செருப்புக்கும் ஒரே கேள்வி. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? சரியா அதுக்கு முன்னாடி. நானும் மூளையக் கசக்கிச் சொன்னேன். ஃபேன் கிரீச்னு கத்துச்சு மேடம்னேன். எண்ணெய் போட்டாச்சு, ஃபேன் வாய மூடிடுச்சு, செருப்பு நிக்கல. என் சட்டைக் கலரா இருக்கும்னேன். ஒரு வாரம் முழுக்க வெள்ளச் சட்டையே போட்டேன், பாக்குறவங்கல்லாம் வீட்டுல யாருக்கு என்ன ஆச்சுன்னு விசாரிச்சாங்க. செருப்பு நிக்கல. கடைசில என் சோப்பு வாசனைன்னு சந்தேகம் வந்து மூணு நாள் சோப்பே போடல. பறந்துச்சு. அன்னிக்கு நீங்க எறிஞ்சது நியாயம், நான் எதுவும் சொல்லல.

போன வாரம் மேடம் ஒரு படம் போட்டுக் கொண்டாந்தாங்க. எந்த நேரத்துல எவ்வளவு செருப்புன்னு கோடு கோடா. காலைல தரையோட தரையா படுத்துக் கெடக்கு. மத்தியானம் நான் வந்ததும் விர்ருன்னு மேல ஏறுது, நான் டீ குடிக்க வெளிய போனதும் பொத்துன்னு விழுது. பெரிய சார் கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாக்குறாரு. தற்செயல் சார்னேன். வெயில் நேரம் சார்னேன். மழை பெஞ்ச அன்னிக்கும் இருக்கேங்கறாங்க மேடம். இவங்களுக்கு மழை பெஞ்சதெல்லாம் வேற ஞாபகம் இருக்கு.

சரி, நான் மட்டும்தானா மாட்டுனேன்? டிரைவர் மாமா பூட்ஸும்தான் ஒரு தடவ பறந்துச்சு. அவர் என்ன பண்ணாரு? பாவம், சாவி எடுக்க வந்தவரு. நான்தான் அவர நிறுத்தி, அவரு மச்சான் வாங்குன வண்டியப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேன். ஒரு வார்த்தை. அது எப்படியோ அரை மணி நேரம் ஆயிடுச்சு. பெரிய சார் செருப்பு? அவரு சும்மாதான் நின்னாரு, நான் அவருக்கு லீவு ஏன் வேணும்னு வெளக்கிக்கிட்டிருந்தேன். ஆக என் செருப்பு மட்டும் இல்ல, எல்லார் செருப்பும்தான் போகுது. இத மேடம்கிட்ட ஆதாரத்தோட சொன்னேன். அவங்க பேனாவ வாயில வெச்சுகிட்டு, ம்ம், ரெண்டு தடவையும் நீங்க ரூம்ல இருந்தீங்கன்னாங்க. இருந்தேன்தான். சாட்சி இருக்க வேணாமா?

சமையல்கார அக்காவப் பாருங்க. காலைலேர்ந்து உங்க பக்கத்துலயே ஒக்காந்து காய் நறுக்குறாங்க, ஒரு செருப்பு அசையல. அவங்ககிட்ட ரகசியமாக் கேட்டேன், அக்கா, என்ன மந்திரம் போடுறீங்கன்னு. ரொம்ப நேரம் வெங்காயத்தையே பாத்துட்டு, ஒண்ணுமில்லியேன்னாங்க. அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொல்லு. அக்காகிட்ட ஒரு ரகசியம் வாங்குறதுக்குள்ள நமக்குப் பல்லு விழுந்துரும்.

மேடம் அளக்குறது செருப்ப மட்டும் இல்லண்ணே. இன்னிக்கு என்ன சட்டைன்னு அவரே எடுத்தாரா? யாரோட சிரிச்சாரு? எங்க போகணும்னு காட்டுனாரு, போனாரா? செருப்பு கொறைஞ்சு மனுசன் சுருண்டு படுத்துக் கெடந்தா அது பேரு முன்னேற்றம் இல்லங்கறாங்க. அது சரிதான், அத நான் ஒத்துக்கறேன். அந்தக் கேள்விக்கெல்லாம் நானே கடகடன்னு பதில் சொன்னேன், உங்களப் பத்தி எனக்குத் தெரியாததா? அவங்க என்னத் தடுத்து, தம்பி, அவரக் கேளுங்கன்னுட்டு, படம் போட்ட மூஞ்சிங்கள உங்க முன்னாடி பரப்புனாங்க. சிரிச்ச மூஞ்சி, சுமாரான மூஞ்சி, கடுகடு மூஞ்சி. ஒரு போட்டோவுக்கு ஒரு மூஞ்சி. மண்ணுக்குச் சிரிப்பு வெச்சீங்க. சமையல்கார அக்காவுக்குச் சிரிப்பு. பெரிய சாருக்குச் சுமார், அது அவருக்கே தெரியும். என் போட்டோ வந்ததும் நிறுத்திட்டீங்க. கன்னத்துல கை வெச்சு யோசிச்சீங்க. அப்புறம் சிரிச்ச மூஞ்சியும் வெச்சு, அது மேலயே கடுகடு மூஞ்சியும் வெச்சீங்க. ஒண்ணுதாங்கன்னு மேடம் சொன்னாங்க, நீங்க ரெண்டையும் விரல வெச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டீங்க. ராத்திரியெல்லாம் அதுதான் எனக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. எனக்கு மட்டும் ஏண்ணே ரெண்டு?

அது மட்டுமா? என்னையும் அளக்குறாங்கண்ணே. உங்களத்தான் அளப்பாங்கன்னு நெனச்சு நான் நிம்மதியா இருந்தேன். நீங்க திட்டப்படி நடக்குறீங்களான்னு பாக்கணுமே தம்பிங்கறாங்க. திட்டம் என்ன? அவர்கிட்ட ஒரு வரி சொல்லணும். அப்புறம் பத்து எண்ணணும், அவர் பதிலுக்கு. நான் எண்ணலையா? எண்ணுனேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உங்க மூஞ்சிக்கு நேரா நல்லா சத்தமா எண்ணுனேன், நான் எண்ணுறேங்கறது உங்களுக்கும் தெரியணும்ல? ஏழு வர்றதுக்குள்ள செருப்பு போயிடுச்சு. மனசுக்குள்ள எண்ணணுமாம். மனசுக்குள்ள எண்ணுனா நான் எண்ணுறேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அளக்கத் தெரியாதவங்க மாதிரி பேசுறாங்க.

அப்புறம் அந்த மஞ்ச அட்டை. கைய விரிச்ச படம் போட்டு, கீழ 'போதும்'னு எழுதி, உங்க கழுத்துலயே மாட்டி விட்டாங்க. போதும்னு தோணுனா அதத் தூக்கிக் காட்டுனா போதும், எறிய வேணாம். எத்தன நாள் சொல்லிக் குடுத்தோம். நீங்க அதுல மண்ணு அள்ளுறீங்க. விசிறிக்கிறீங்க. நேத்து பல்லு குத்துனீங்க, நான் பாத்தேன். நானும் விடல, இப்பக் காட்டுங்கண்ணே, இதோ இப்ப, தூக்குங்க, கொஞ்சம் தூக்குங்க, இந்தக் கையிலன்னு கூடவே நின்னு சொன்னேன். ஒரு தடவ தூக்கவும் தூக்குனீங்க. மேடம் அது கணக்குல வராதுங்கறாங்க. நாம சொல்லிச் செஞ்சது அவரு செஞ்சது இல்லையாம். அன்னிக்கு நான் விட்ட கண்ணீரு கணக்குல வருமான்னு கேக்கணும் போல இருந்துச்சு.

இருங்க, இந்த நாற்காலிய இப்படிக் கிட்ட போட்டுக்கறேன். மூஞ்சிக்கு மூஞ்சி பேசுவோம். நாளைக்கு அந்தம்மா முன்னாடி என்னண்ணே சொல்றது? மேடம் பாத்த வரைக்கும் ஒரு தடவ கூட அவரா எழுந்து போகலன்னு சொல்வாங்க. அந்தம்மா பாவமா உங்களப் பாப்பாங்க. நீங்க திங்கக்கிழமையும் இங்கயே, இந்த ரூம்லயே, இந்த ஒரு மூட்ட மண்ண ரொப்பிக் கொட்டி, ரொப்பிக் கொட்டி... எனக்குத் தாங்கலண்ணே. உங்களுக்கு அந்த வேலை கெடைக்கணும். அது என்னாலதான் கெடைக்கலன்னு அந்தக் கோட்டுப் படம் சொல்லுது. அதனால நேரா உங்ககிட்டயே கேக்குறேன். ஏன் என் ஷிஃப்ட்ல மட்டும்? சொல்லுங்க. நான் வாயத் தொறக்கல. சொல்லுங்கண்ணே. அப்படியே என்னப் பாத்துக்கிட்டிருந்தா என்ன அர்த்தம்? புடிக்காததா நான் என்ன பண்றேன்? கூடவே இருக்கேன், தனியா விடறதில்ல, ஒரு நிமிஷம் உங்களுக்கு போரடிக்க விடறதில்ல, காலைல அவங்கல்லாம் உங்ககூட ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டாங்க, நான் வந்ததும்தான இங்க ஒரு கலகலப்பே...

என்னண்ணே, எழுந்துட்டீங்க?

கையத் தட்டுறீங்க... மண்ணு... சரி... அண்ணே, கீழ ஏன் குனியறீங்க? வேணாம். அண்ணே, வேணாம். அது ஒண்ணுதான் மிச்சம், அதுவும் கால்ல மாட்டியிருக்கேன். வெறும் கால்ல எப்படி வீட்டுக்குப்...

ஓ. தட்டா? கீழ இருந்த மண்ணுத் தட்டத்தானா எடுத்தீங்க? எடுத்துக்கங்க. எங்க கொண்டு போறீங்க? பின்னாடி தோட்டத்துக்கா? நானும் வரவா? வேணாமா? தலைய ஆட்டுறீங்க, வேணாமா... சரி, அப்ப... கதவ வேற சாத்திட்டீங்களே. எவ்வளவு மெதுவா.

அண்ணே? பின்பக்க ஜன்னல் வழியா தெரியுது. சுவரோரம் ஒக்காந்துட்டீங்க. தட்ட மடியில வெச்சுக்கிட்டு. மண்ண விரலால தட்டிக்கிட்டு.

ஒரு நிமிஷம்.

யாரும் சொல்லல. நான் சொல்லல. நான் சொல்றதுக்கு எங்க நேரம், நான்தான் பேசிக்கிட்டிருந்தேனே. மேடம் இல்ல. அட்டை... அட்டைய மேஜை மேலயே கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கீங்க. ஆனா போனீங்க. நீங்களா எழுந்து போனீங்க. எதையும் எறியல. என் கால்ல... இருக்கு. கால்லயே இருக்குண்ணே.

ஓடி வந்து உங்களக் கட்டிப் புடிச்சுக்கணும் போல இருக்கு. வரல. வரல, நீங்க அப்படிப் பாக்காதீங்க. வந்தா பேசுவேன்.

மேடம் இப்பவே கேப்பாங்க, ஃபோன் போட்டுச் சொன்ன உடனே கேப்பாங்க, சரியா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு. ஃபேனும் இல்ல, மழையும் இல்ல, சோப்பு போட்டிருக்கேன். இந்தத் தடவ எனக்குப் பதில் தெரியும்ணே. நான். அதுக்கு முன்னாடி நடந்தது நான்தான். அன்னிக்கும் நான்தான். டிரைவர் மாமா பூட்ஸும் நான்தான். சொல்லிடறேன், அந்தம்மா முன்னாடியே சொல்லிடறேன். ஒரே வரியில சொல்லிட்டு நிறுத்திடறேன். நிறுத்த முடியுமான்னு தெரியல, மேடத்த மேஜைக்கு அடியில என் கால மிதிக்கச் சொல்லிடறேன்.

திங்கக்கிழம நீங்க அங்க போயிட்டா இந்த ரூம்ல நான் யாருகிட்டண்ணே... சரி. அது உங்க கவலை இல்ல. நீங்க தட்டுங்க, மண்ண நல்லாத் தட்டுங்க. வேன் வந்தா கைய மட்டும் ஆட்டுறேன்.

ஜன்னல சாத்திடறேண்ணே.